ஒன்றரை மணி பின்தங்கிய போன்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் என் மாமியார், "போன்ல பட்டன் வைக்கிறா" என்பார். பொறியியல் படித்து, சென்னையில் சில வருடம் குப்பை கொட்டிவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து அதே வேலையைத் தொடர்கிற ஒருத்திக்கு இதைவிடச் சுருக்கமான அறிமுகம் கிடைக்காது. ஆனால் பட்டன் வைப்பது எளிது. அதை ஒருவர் அமுக்கிய பிறகு நடப்பதுதான் என் வேலை. அந்த விரலிலிருந்து எங்கோ இருக்கும் சர்வருக்கு ஒரு கோரிக்கை போகிறது. அது போய்ச் சேர்ந்ததா, வழியில் விழுந்ததா, இரண்டு தடவை போய்விட்டதா, பதில் வருவதற்குள் ஆள் பொறுமையிழந்து மறுபடி அமுக்கிவிட்டாரா என்பதையெல்லாம் கவனித்து ஒழுங்குபடுத்த எனக்குச் சம்பளம் தருகிறார்கள். எனக்கு இயல்பிலேயே பயந்த சுபாவம். கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்தவள் நான். இந்த வேலைக்கு அந்தக் குணம் ஒத்துவருகிறது.

என் கணவர் துபாயில் ஏசி பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். "போதும்" என்று சொல்லிக்கொண்டு ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினார். எங்கள் மகள் அவரை வீடியோவில் பார்த்தே வளர்ந்தவள். வந்த புதிதில் அவர் தூக்கினால் கையை நீட்டிக்கொண்டு என்னிடம் தாவுவாள். மெல்ல மெல்ல அவர் தோளில் தூங்கப் பழகினாள். அவர் எங்கள் சொந்த நிலத்தோடு பக்கத்து நிலத்தையும் குத்தகைக்குப் பிடித்துச் சம்பா நட்டார். நட்ட அன்றே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

"ஒரு சம்பா பாப்போம். கையைக் கடிச்சா திரும்பிப் போயிடுறேன். அங்க என் எடத்தை இன்னும் காலியாத்தான் வச்சிருக்காங்க."

சொன்னவருக்கு அது வெறும் ஏற்பாடு. எனக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. வயலுக்குத் தண்ணீர் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். இலையில் ஒரு மஞ்சள் கண்டால் எனக்கு விமான டிக்கெட் தெரியும். அவர் போனில் வேறு, அங்கத்து நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மணி கேட்டால் உடனே பதில் வராது. போனைப் பார்ப்பார், உதடு லேசாக அசையும், ஒன்றரை மணியைக் கூட்டிக்கொண்டு அப்புறம் சொல்வார்.

"ஏங்க, அதை மாத்தக் கூடாதா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அங்க பசங்ககூடப் பேசணும்ல. இருந்துட்டுப் போவுது."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வந்துவிடுமோ என்று பயம்.

எங்கள் பகுதி விவசாயிகள் சேர்ந்து ஒரு நிறுவனம் வைத்திருக்கிறார்கள். விதை, உரம் வாங்குவது, அறுவடைக்கு மெஷின் பிடித்துத் தருவது எல்லாம் அதன் வழியாக நடக்கிறது. தை மாதம் பிறந்துவிட்டால் டெல்டா முழுக்க ஒரே நேரத்தில் நெல் பழுக்கும். எல்லோருக்கும் அறுவடை மெஷின் இன்றைக்கே வேண்டும். ஈர வயலில் இறங்கக்கூடிய பெல்ட் மெஷின் என்றால் கேட்கவே வேண்டாம். முன்பெல்லாம் நிறுவனத்துச் செயலாளரின் போனுக்கு அடித்துத்தான் முறை கேட்க வேண்டும். அவர் எடுக்கும்வரை அடிப்பார்கள். எடுத்துப் பேசி முறை சொன்ன பிறகும், மறந்துவிடப் போகிறாரே என்று இன்னொரு தடவை அடிப்பார்கள். மனுஷனுக்குச் சாப்பிடும்போது கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அதனால் எங்கள் கம்பெனியிடம் ஒரு செயலி கேட்டார்கள். உள்ளூர்க்காரி என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது.

செயலி வந்ததும், செயலாளரை அடித்த விரல்களெல்லாம் பட்டனை அடிக்கும் என்று எனக்குத் தெரியும். எனவே அமுக்கியதும் பட்டன் உறைந்துவிடும்படி செய்தேன். ஒரு வயலுக்கு எத்தனை கோரிக்கை வந்தாலும் சர்வர் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும். சிக்னல் இல்லாவிட்டால் போன் அந்தக் கோரிக்கையைத் தன்னிடமே வைத்திருந்து, சற்றுப் பொறுத்துத் தானே மறுபடி அனுப்பும். இவ்வளவும் எந்த ஊருக்கும் செய்வதுதான்.

எங்கள் ஊருக்கென்று நான் கூடுதலாக ஒன்று செய்தேன். வயல் நடுவில் சிக்னல் கிடையாது. கடைத்தெருவில் நின்று அமுக்குகிறவரின் கோரிக்கை கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். வரப்பில் நின்று அமுக்குகிறவரின் கோரிக்கை, அவர் சாலைக்கு ஏறிய பிறகுதான் கிளம்பும். சர்வருக்கு வந்து சேரும் வரிசையில் முறை கொடுத்தால், வயலிலேயே கிடக்கிறவன் ஏமாந்து போவான். அதனால் வந்து சேர்ந்த நேரத்தைப் பார்க்காமல், அமுக்கிய நேரத்தைப் பார்த்து வரிசை போடச் சொன்னேன். அமுக்கிய நேரத்தைப் போனே குறித்து அனுப்பும். செயலாளர் இதைக் கேட்டுவிட்டு, "இது நியாயம்மா" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பெருமைப்பட்டால் எனக்கு ஆகாது என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

அறுவடை தொடங்கிச் சில நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது. எங்கள் வயல் இன்னும் பழுக்க வேண்டியிருந்தது. "இன்னொரு வாரம் வெயில் அடிச்சா போதும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு நாளைக்கு நாலு தடவை மாடிக்குப் போய் வானம் பார்த்துவிட்டு வந்தேன்.

அன்று காலையில் அவர் சாவகாசமாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வயலுக்குப் போனார். அவர் போன பிறகுதான் கடலில் தாழ்வு மண்டலம், டெல்டாவுக்குக் கனமழை என்று செய்தி வந்தது. நாளை மறுநாள் சாயங்காலத்திலிருந்து என்றார்கள். தை முடியப் போகிற நேரத்தில் மழை. தெருவில் பைக்குகள் பறக்க ஆரம்பித்தன. முத்துப்பேட்டைப் பக்கமிருந்து காற்று வேறு திரும்பியிருந்தது. எங்கள் ஊரில் அந்தக் காற்றை யாருக்கும் பிடிக்காது, மழைக்காலம் முடிந்த பிறகு சுத்தமாகப் பிடிக்காது.

பின்னறையில் என் திரையில் கோரிக்கைகள் கொட்டத் தொடங்கின. பழுத்தவர், பழுக்காதவர், பாதி பழுத்தவர் எல்லோரும் அமுக்கினார்கள். அப்பாவுக்காகச் சென்னையிலிருந்து மகள் அமுக்கினாள், மாமனாருக்காகத் திருப்பூரிலிருந்து மருமகன் அமுக்கினான். சர்வர் மூச்சுத் திணறிப் பதில் சொல்வதை நிறுத்தியது. பதில் வராத போன்களெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடியே சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பின. எல்லாப் போனுக்கும் சர்வர் ஒரே காத்திருப்பு நேரத்தைச் சொல்லியிருந்ததால், எல்லாம் ஒரே நேரத்தில் ஒதுங்கி, ஒரே நேரத்தில் திரும்பி வந்து மோதின. பந்தி திறந்ததும் ஒரே வாசலில் இடிக்கிற கூட்டம் மாதிரி. ஒவ்வொரு போனுக்கும் வெவ்வேறு காத்திருப்பைச் சொல்லும்படி நான் சர்வரில் மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் நெரிசல் பிரிந்து, கோரிக்கைகள் ஒவ்வொன்றாக உள்ளே வரத் தொடங்கின. நான் தண்ணீர் குடித்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குத் தட்டை எடுக்கும்போது செயலாளர் கூப்பிட்டார்.

"தங்கச்சி, எல்லாம் வந்துருச்சு. சாயங்காலம் வரிசைய வெளியிட்டுருவேன், நாளைக்கு விடிஞ்சதும் மெஷின் எறங்கணும். உங்க வீட்டுக்காரர்தான் எல்லாருக்கும் முன்னாடி நிக்கிறாரு. பரவால்ல, வெவரமாத்தான் இருக்காரு."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்க மாட்டேன். நாளைக் காலையிலேயே மெஷின், மழைக்கு முன்னால் நெல் வீட்டுக்கு வந்துவிடும். பழுத்தது கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. என் கணவர் துபாய்க்குப் போக வேண்டியதில்லை. சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன்.

பாதிச் சாப்பாட்டில் வாசலில் குரல் கேட்டது. அடுத்த தெருப் பெரியவர். அவருடைய ஒரே மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவர் வயல் ஊரிலேயே பள்ளமானது. வடிகால் நிறைந்தால் முதலில் அவர் வயலில்தான் தண்ணீர் ஏறும்.

"யம்மாடி, நீ வச்ச பட்டன்தானே இது? செய்தி வந்த ஒடனே டீக்கடைல நின்னு அமுக்குனேன். பக்கத்துல நின்னவங்கள்லாம் எனக்கு அப்பறம் அமுக்குனாங்க. செயலாளர்ட்ட கேட்டா, அவங்களுக்கெல்லாம் நாளைக்கிங்குறாரு, எனக்குக் கடைசிங்குறாரு. என்னா கணக்கு இது?"

"குடுங்க மாமா, பாப்போம்" என்று இடது கையால் போனை வாங்கினேன். திரையைப் பார்த்ததும் ஒரு கணம் குழம்பிவிட்டேன். வெளியே வெயில் சுட்டெரிக்கிறது. போனில் சாயங்காலம் ஆகியிருந்தது.

"மாமா, இதுல மணி தப்பா ஓடுதே."

"தப்பில்லம்மா. அது சிங்கப்பூர் மணி. நாந்தான் கையால திருப்பி வச்சிருக்கேன். அவன் தூங்குற நேரத்துல அடிச்சிடக் கூடாதுல்ல? போனைப் பாத்தா அவனுக்கு இப்ப என்னா நேரம்னு தெரிஞ்சிரும். நமக்கு மணி எதுக்கு, வெயிலப் பாத்தா தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. போனில் ஊரை மாற்றியிருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. எந்த ஊர் நேரத்தைக் காட்டினாலும் போனுக்கு உள்ளே ஓடும் நேரம் உலகம் முழுக்க ஒன்றுதான். இவர் ஊரை அப்படியே விட்டுவிட்டு மணியை மட்டும் கையால் தள்ளி வைத்திருக்கிறார். அதனால் இவர் காலையில் அமுக்கியதைப் போன், மத்தியானத்துக்கு மேல் அமுக்கியதாகக் குறித்து அனுப்பியிருக்கிறது. இரண்டரை மணி நேரம் பின்னால் போய் நின்றுவிட்டார். "சரி பண்ணிடலாம் மாமா, கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கை கழுவப் போனேன்.

குழாயைத் திறந்தபோதுதான் அது உறைத்தது. சிங்கப்பூர் நேரம் வைத்தவர் பின்னால் போனால், துபாய் நேரம் வைத்தவர் எங்கே போவார்?

தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு எடுத்தார்.

"எங்க இருக்கீங்க?"

"ரோட்டுக்கு வந்துட்டேன். சொல்லு."

"போனைக் காதுலேர்ந்து எடுத்து, அதுல மணி என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

"பன்னெண்டே முக்கால்... இரு, இரு, ரெண்டே கால்."

"நீங்க கூட்டாம, அதுல இருக்குறத மட்டும் சொல்லுங்க. கையாலயா திருப்பி வச்சீங்க?"

"ஆமா. வந்த அன்னிக்கே அதுவா நம்ம மணிக்கு மாறிடுச்சு. நாந்தான் திருப்பி வச்சேன். ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. வீட்டுக்கு வாங்க" என்று வைத்துவிட்டேன்.

செய்தியே வராத நேரத்தில், என் எதிரில் உட்கார்ந்து அவர் இட்லிக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர் மெஷின் கேட்டு அமுக்கியதாகச் சர்வர் நம்பியிருந்தது. அதனால்தான் எல்லோருக்கும் முன்னால் நின்றார். வீட்டுக்குள்ளேயே ஒரு கடிகாரம் தப்பாக ஓடுகிறது, அதைப் பார்த்துப் பார்த்து நான் மருகிக்கொண்டும் இருக்கிறேன், அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பாதிக் குடும்பத்தை வைத்திருக்கும் ஊருக்குச் செயலி எழுதியவள், போன் சொல்லும் மணியை அப்படியே நம்பியிருக்கிறேன்.

திருத்துவது பெரிய காரியமில்லை. ஒவ்வொரு கோரிக்கையோடும் அமுக்கிய நேரத்தைப் போல, அனுப்பிய நேரத்தையும் போன் சொல்லியிருந்தது. அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். கடிகாரம் எவ்வளவு தப்பாக ஓடினாலும் இடைவெளி தப்பாது. சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்திலிருந்து அந்த இடைவெளியைக் கழித்தால் அமுக்கிய உண்மையான நேரம் வந்துவிடும். ஒரு சின்னக் கணக்கு. போட்டுப் பார்த்தேன். பெரியவர் முன் வரிசைக்கு வந்தார். துபாய், குவைத், கத்தார் என்று மணி வைத்திருந்த சிலர் பின்னால் போனார்கள். என் கணவர் நாளைக்கும் இல்லை, நாளை மறுநாளும் இல்லை, அதற்கும் அடுத்த நாளுக்குப் போய்விட்டார். அதாவது மழைக்குப் பிறகு.

அந்தக் கணக்கு என் திரையில் மட்டும்தான் இருந்தது. செயலாளருக்குப் போகவில்லை.

அப்போது எனக்குள் ஓடியதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். புகார் சொல்லி வந்தவர் பெரியவர். அவரைப் போல் பின்னால் தள்ளப்பட்டவர்களை மட்டும் சரிசெய்து முன்னால் கொண்டுவரலாம். முன்னால் போனவர்கள் யாரும் வந்து புகார் சொல்லப் போவதில்லை. தங்களுக்கு ஏன் முதலில் கிடைத்தது என்று யார் கேட்பார்கள்? செயலாளரே என் கணவரை விவரம் என்று பாராட்டிவிட்டார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் யாரையும் ஏய்க்கவில்லை. ஒரு போன் தப்பான மணி சொன்னது, அவ்வளவுதான். மகள் சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் அப்பா எங்கே என்றுதான் கேட்பாள். அந்தக் கேள்விக்கு வயல் என்று பதில் சொல்வது எனக்கு எவ்வளவு பிடித்துப் போயிருந்தது என்று அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

ஆனால் என் கணவருக்கு முன்வரிசையில் ஓர் இடம் என்றால், அது இன்னொருவரைப் பின்னால் தள்ளிய இடம். அந்த இன்னொருவர் யார் என்றும் திரையில் தெரிந்தது. எங்கள் வயலுக்கு நாலு வரப்பு தள்ளி, தன் தாலியை வைத்து உரம் வாங்கியவள். நாற்று நடும்போது என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தவள். திருத்திய வரிசையில் முதல் நாளின் கடைசி இடம் அவளுடையது. அவர் உள்ளே இருந்தால் அவள் வெளியே.

அவர் வந்தார். சேற்றுக் காலோடு கொல்லைப்புறமாக நுழைந்து பின்னறை வாசலில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் கேட்க மாட்டார்கள் என்பதையும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. அவர் வாயிலிருந்து "விட்டுடு" என்று வராதா என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"நான் என்ன ஏமாத்துனேனா?" என்றார் கோபமாக. "பட்டன அமுக்குனேன். அவ்வளவுதானே?"

"நீங்க ஒண்ணும் பண்ணலங்க. நான் எழுதுனதுலதான் கோளாறு."

"மாத்துனா நமக்கு எப்ப?"

சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். அப்போதுவரை மேகம் ஒன்றும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"ஒன் வேலை. எங்கிட்ட ஏன் கேக்குற?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

நான் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன், மாறவில்லை. பிறகு திருத்திய வரிசையைச் சர்வரில் ஏற்றிவிட்டுச் செயலாளரைக் கூப்பிட்டேன். "அண்ணே, போன்ல மணி மாத்தி வச்சிருக்குறவங்களால வரிசை தப்பாயிடுச்சு. சரி பண்ணிட்டேன். புதுசா வர்றத வெளியிடுங்க." அவர் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒங்க வீட்டுக்காரர் எங்கயோ போயிட்டாரேம்மா" என்றார். ஆமாண்ணே என்றேன். வைத்த பிறகு அழுகை வந்தது. நியாயம் செய்துவிட்ட நிறைவெல்லாம் எனக்கு வரவில்லை. பயம்தான் இருந்தது, முன்பு இருந்ததைவிட அதிகமாக.

மழை சொன்னபடி வரவில்லை, சொன்னதற்கு முன்பே வந்துவிட்டது. மறுநாள் பகல் முழுக்க மெஷின்கள் ஓடின. பெரியவர் வயல் முடிந்தது, நாலு வரப்பு தள்ளியிருந்தவள் வயலும் இருட்டுவதற்குள் முடிந்தது. அதற்கடுத்த நாள் காலையில் பிடித்த மழை மாலைவரை விடவில்லை. எங்கள் நெல் பூராவும் படுத்துவிட்டது. அவர் மண்வெட்டியோடு போய் வடிகால் பக்கம் வரப்பை வெட்டிவிட்டு, நனைந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் துவட்டிக்கொண்டார். மாமியார் பேசினார்.

"ஊருக்கெல்லாம் நாயம் பாத்த. ஒன் வூட்டு நெல்லு தண்ணில கெடக்கு. அவன் பொட்டியத் தூக்கிட்டுப் போவட்டும், நீ பட்டன வச்சுக்கிட்டு இரு."

அவர் சொன்னதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் முறை வந்தபோது வயலில் முழங்கால் சேறு. படுத்த நெல்லை மெஷின் அள்ள முடியாமல் அள்ளியது. ஓரமெல்லாம் முளைவிட்டிருந்தது. வந்த நெல்லை ரோட்டோரம் கொட்டிக் காயவைத்து, கிளறி, மறுபடி தூறலுக்குத் தார்ப்பாய் மூடி, மறுபடி திறந்தோம். நான் லேப்டாப்பை மூடிவிட்டு அவரோடு நின்று காலால் துழாவினேன். கையைக் கடித்ததா என்றால் கடித்தது. ஆனால் விரல் போகவில்லை.

மூட்டை பிடித்து முடித்த பிறகும், போவதா இருப்பதா என்று அவர் சொல்லவில்லை. துபாயிலிருந்து அழைப்பு வரும். எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவார். நான் பாத்திரம் கழுவுவது போல் நின்று காது கொடுப்பேன். "சொல்றேன், சொல்றேன்" என்பது மட்டும் கேட்கும். என்ன சொல்லப் போகிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் என் வேலையைப் பார்த்தேன். செயலியைத் திருத்தி, இனி எந்தப் போனில் எந்த மணி ஓடினாலும் சர்வர் தன் மணியையும் அந்த இடைவெளியையும் மட்டுமே பார்க்கும்படி செய்தேன். ஊரில் யார் எந்த தேசத்து நேரத்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், செயலிக்குக் கவலையில்லை. எங்கள் வீட்டில் மேசைமேல் கிடக்கும் அந்த ஒரு போனைத்தான் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சார்ஜ் போட எடுத்தால்கூடத் திரையைக் கீழே கவிழ்த்துப் பிடித்தபடி எடுத்தேன்.

ஒரு காலை. மாமியார் மன்னார்குடிக்கு, கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். என் கணவர் வாசல்படியில் மகளுக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன்.

"டேய், மணி என்னடா ஆச்சு?" என்றார் மாமியார், செருப்பைத் தேடிக்கொண்டே.

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுப்பது தெரிந்தது. வழக்கமான அந்த இடைவெளிக்காக நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எட்டே கால்மா" என்றார், பார்த்த உடனே.